தணிகாசலத்தின் மசால்வடை

தணிகாசலம் சார் காலையில் எழுந்ததும் வலியை அளக்கும் வயிற்றுப்பட்டையைக் கட்டிக்கொண்டு என்னைத்தான் அழைப்பார். நான் அவருடைய குடல் பயிற்றுநர், செயலி வழியாகப் பேசுபவள். நான் எந்த ஊர் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்பது எனக்குத் தெரியும்.

'குடல்துணை' செயலி வந்த பிறகு, எரிச்சல் குடல் நோய்க்காரர்கள் யாரும் மூலையில் சுருண்டு கிடப்பதில்லை. வயிற்றைப் பிசைய வைக்கும் எதையும் செயலி 'தூண்டி' என்று அறிவித்து விலக்கிவிடும். அவருக்குப் பால் போயிற்று, வெங்காயம் போயிற்று. எந்தக் கடையும் அவருக்கு விற்காது. சட்டம் அப்படி.

போன வாரம் அவருடைய ஒரே மகள் எழினியையே செயலி தூண்டி என்று அறிவித்தது. இனி அவள் வந்தால் லிஃப்ட் அவர் மாடியில் நிற்காது. அவள் அழைப்பும் வராது.

"மேடம், அது தப்பு," என்று பதறினார். "அவ வர்றப்பெல்லாம் மசால்வடை வாங்கிட்டு வருவா. திருட்டுத்தனமா தின்னுட்டு, ஒண்ணும் சாப்பிடலைன்னு பதிஞ்சேன். வலிச்சது வடையால!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் வடையை ஒளிக்கப் போய் மகளைப் பறிகொடுத்திருக்கிறார்.

"சரி சார், சோதனைக்கு அனுமதி வாங்கித் தர்றேன். மகள் இல்லாம வடையை மட்டும் சாப்பிடுங்க. வலிச்சா அவங்க மேல இருக்கற தடையை எடுத்துடலாம்."

கேமரா முன் உட்கார்ந்து தின்றார். என் திரையில் வலிக்கோடு அசையவில்லை. இன்னொன்று தின்றார். தட்டே காலியாயிற்று.

"வலிச்சுத் தொலையேன், சனியனே!" என்று தன் வயிற்றிலேயே குத்திக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குத்தியதால் வரும் வலியைச் செயலி கணக்கில் எடுக்காது.

"அவங்க வந்தா என்னதான் சார் நடக்கும்?"

"அவ புருஷன் கைநீட்டுறவன் மேடம். புதுசா காயம் இருக்கான்னுதான் முதல்ல பாப்பேன். அவளுக்கு என்னை விட்டா யாரும் இல்லை."

எழினிதான் தூண்டி என்று உறுதிசெய்து பதிந்தேன். அதுதான் என் வேலை.

மறுநாள் காலை அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் மட்டும் அறிவிப்பு வந்தது. எழினி கீழே லிஃப்ட் வாசலில் நிற்கிறாள். நெற்றியில் கட்டு, தோளில் துணிப்பை. சொன்னால் அவர் வயிறு கெட்டுவிடும். அறிவிப்பைத் திரையிலிருந்து தள்ளிவிட்டேன்.

"எழினிகிட்டேருந்து தகவல் ஏதாச்சும் வந்துச்சா மேடம்?"

"ஒண்ணும் இல்லை சார்."

"அப்ப நல்லாத்தான் இருக்கா," என்றார். அவர் வயிறும் அதை நம்பியது.