கண் திறக்காத சாட்சி

செல்போன் அலறியது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலிருந்த மூளை ஆராய்ச்சிக் கூடத்தில், மூளை அலைகளைப் பதியும் மின்முனைத் தொப்பியைக் கழுவிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளர், ஈரக் கையோடு எடுத்தாள்.

"மேடம்... ஐ.சி.யூ. டியூட்டி டாக்டர் பேசறேன். பதினோரு மணிக்கு டிரைவரம்மாவோட வென்டிலேட்டரை எடுக்கப் போறாங்க!"

மணி பத்தே கால்!

டிரைவரம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இரண்டு வருஷமாக இவளுடைய மனச்சோர்வு ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்தவள். நன்றாகத் தேறியும் வந்தாள். "அடுத்த வாரம் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்கப் போறேன்" என்று சிரித்துவிட்டுப் போன அன்று சாயந்திரமே, மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்தாள்.

மூன்று வாரமாக அசைவில்லை.

தற்கொலை முயற்சி என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவள்... வேறென்ன எழுதுவார்கள்!

தொப்பியையும் லேப்டாப்பையும் அள்ளிக்கொண்டு ஆராய்ச்சியாளர் ஓடினாள். லிஃப்ட் வரவில்லை. நாலு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கட்டிலருகே தலைமை டாக்டர், போன் செய்த டியூட்டி டாக்டர், கையெழுத்துப் போட வந்திருந்த இன்ஸ்பெக்டர்... கண்ணீரும் கைக்குட்டையுமாகப் புருஷன்.

"நிறுத்துங்க!"

தலைமை டாக்டர் முகம் சுளித்தார். "இது உங்க லேப் இல்லம்மா."

"அரை மணி நேரம் குடுங்க சார். உடம்பு அசையாட்டியும் சில பேருக்கு உள்ளே நினைவு இருக்கும். சோதிச்சுப் பார்க்காம எடுக்கக் கூடாது!"

புருஷன் விம்மினான். "அவளை நிம்மதியா விடுங்க மேடம். வேணாம்னுதானே குதிச்சா..."

"என்கிட்ட அப்படிச் சொல்லலையே!"

விம்மல் சட்டென்று நின்றது. "நீங்களும் மாத்திரை சாப்பிடறவங்கதானாமே? அவதான் சொன்னா. ஒரு பைத்தியத்துக்கு இன்னொரு பைத்தியம் வக்காலத்தா?"



ஆராய்ச்சியாளருக்கு முகம் கொதித்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"ஆமா. ஏழு வருஷமா சாப்பிடறேன். தினம் காலையில, பல் விளக்கினதும். அதுக்கும் இந்தச் சோதனைக்கும் என்ன சம்பந்தம்?"

வென்டிலேட்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இதை எடுக்கணும்னா முதல்ல என்னை எடுங்க. அப்படியே வேலையை விட்டும் தூக்குங்க!"

இன்ஸ்பெக்டர் மோவாயைச் சொறிந்தார். "அரை மணி நேரந்தானே டாக்டர்... ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

தொப்பி தலையில் ஏறியது. லேப்டாப் திரையில் கோடுகள் நெளிந்தன. வலது கையை அசைக்க நினைத்தாலே போதும், இடது பக்க மூளையின் அலை அடங்கும்.

"டிரைவரம்மா! நான்தான். வலது கையை இறுக்கி மூடறதா நினைச்சுக்குங்க..."

ஒன்றுமில்லை!

"ஸ்டீயரிங்கைப் பிடிங்கம்மா... இறுக்கிப் பிடிங்க!"

இடது பக்க மூளையின் அலை சட்டென்று அடங்கியது!

"இப்ப விடுங்க."

எழும்பியது!

இருபது முறை மாற்றி மாற்றிச் சொன்னாள். பதினெட்டு முறை சொன்னபடியே நடந்தது. தலைமை டாக்டர் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஒரே ஒரு கேள்வி டிரைவரம்மா. உயிரோட இருக்கணுமா? ஆமான்னா பிடிங்க."

அலை அடங்கியது. மறுபடி கேட்டாள். அடங்கியது. மூன்றாம் முறையும்...

அவள் திரையை விரலால் தொட்டுக் காட்டினாள். "இருக்கணுமாம் சார்..."

டியூட்டி டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை! புருஷனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார்! தினமும் வந்து இவங்க காதுல குனிஞ்சு குனிஞ்சு பேசுவீங்களே... வீண் போகலை! அத்தனையும் கேட்டிருப்பாங்க!"

புருஷனின் முகம் வெளுத்தது.

"கே... கேட்டிருக்காது! ரகசியமாத்தானே சொன்னேன்..!"

"என்ன சொன்னீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக.

"ஒண்ணுமில்ல சார்... தள்ளணும்னு தள்ளலைன்னுதான்... மறுபடி வேலைக்குப் போவேன்னு ஒத்தைக்கால்ல நின்னா... கோபத்துல கை..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கதவை நோக்கிப் பாய்ந்தான். இன்ஸ்பெக்டரின் கை காலரைக் கொத்தாகப் பிடித்தது.

"விடுங்க! இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது! ஒரு பைத்தியத்தோட மூளை கிறுக்கினதை எவன் நம்புவான்?"

அவள் திரையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அவங்க மூளை எதுக்கு சார்... அதான் உங்க வாய் இருக்கே!"