பனிமூட்டத்தில் ஒரு விசில்

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்துப் பக்கம் விசில் சத்தம் கேட்டால், அனுப்பிரியா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். ஊதுவது வேறு யாரோ என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஓடுவாள்.

போன வருடம் வரை அங்கே விசில் ஊதியது அவளுடைய அக்கா ராமலட்சுமி.

மூணாறு பக்கம், மாட்டுப்பட்டி அணையைத் தாண்டிப் போனால் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அவர்கள் எஸ்டேட். அதில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு உண்டு. அனுப்பிரியாவின் வீடு கீழ் டிவிஷன் லயத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசையில். அப்பா வேல்முருகனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா சுருளியம்மாள் கொழுந்து பறிக்கப் போவாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கால்பந்துப் பைத்தியம். பக்கத்து வீட்டு நல்லமுத்துவும் அவளும் பழைய சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கி, மழையில் நனைந்துகொண்டே விளையாடுவார்கள். கோல் கம்பத்துக்குப் பதிலாக நிற்பது குட்டி அனுப்பிரியாவின் வேலை. நகரக் கூடாது. மூக்கைச் சொறிந்தாலும் திட்டு விழும்.

வளர்ந்த பிறகு அக்காவுக்கு ஆடுவதைவிட நடுவராக இருப்பதில் ஆசை வந்துவிட்டது. அதற்கான தேர்வையும் எழுதித் தேறினாள். ஒருநாள் சமையலறைத் தரையில் பூண்டுப் பற்களை வரிசையாக வைத்து, ஆஃப்சைடு என்றால் என்ன என்று தங்கைக்கு விளக்கினாள்.

"இந்தா பாரு, இவன் முன்னாடி நிக்கான். இவனுக்கும் கோலுக்கும் நடுவுல கோல்கீப்பரத் தவிர காவலுக்கு ஆள் இல்ல."

அப்போது அம்மா வந்து நாலு பற்களை எடுத்து ரசத்தில் போட்டாள்.

"அம்மா, அது டிஃபென்ஸும்மா."

"இருக்கட்டும். ரசத்துக்கும் டிஃபென்ஸ் வேணும்ல."

பிளஸ் டூ முடித்ததும் அக்கா மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தாள். பீஸ் கட்டுவதற்காக ஓவர்டைம் பார்க்கிறேன் என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா. ஏற்கெனவே உங்களுக்கு முதுகு வலி. எஸ்டேட் மேட்ச்சுக்கெல்லாம் ரெஃப்ரியாப் போறேன். பீஸும் கட்டிரலாம், பழக்கமும் ஆகும்" என்றாள் அக்கா.

அப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவாள். அனுப்பிரியா கோல் கம்பத்துக்குப் பின்னால், தேயிலைச் செடிகளின் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். எந்த அணி ஆடினாலும் அவள் பார்ப்பது அக்காவை மட்டும்தான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் போட்டியின் அரையிறுதி. கீழ் டிவிஷனும் மேல் டிவிஷனும் மோதின. லயமே திரண்டு வந்திருந்தது. மேல் டிவிஷன் ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது சரிவிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. மைதானத்தின் ஒரு பாதி, சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப்போனது. அந்தப் பாதியில் கீழ் டிவிஷனுக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. நல்லமுத்து எம்பினான். பந்து வலைக்குள் போனது.

"கோல், கோல்" என்று கூட்டம் கத்தியது. சத்தத்துக்கு நடுவே விசில் நீளமாக ஒலித்தது.

அக்கா கையை உயர்த்தி, கோல் இல்லை என்று காட்டினாள். "கையில பட்டுச்சு" என்றாள்.

அவ்வளவுதான். கீழ் டிவிஷன் தோற்றது. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒருவரும் அக்காவோடு பேசவில்லை. "நம்ம புள்ளையே நம்மளக் கவுத்துருச்சே" என்று பின்னால் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

சற்று நேரத்தில், போட்டியை நடத்தும் கிளப்பின் செயலாளர் ராக்கப்பன் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தப்பா நினைக்காத தாயி. பைனலுக்கு வெளியிலருந்து ஒரு ரெஃப்ரியக் கூப்பிட்டுக்கலாம்னு எல்லாரும் சொல்றாக. இனிமே நம்ம கிரவுண்டுக்கு நீ வேண்டாமாம்."

"சரி மாமா" என்றாள் அக்கா.

அவர் போன பிறகு அனுப்பிரியா அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பார்த்தேன். கையிலதான் பட்டுச்சு. நான் கம்பத்துக்குப் பக்கத்துலதான் இருந்தேன்."

அக்கா அவள் தலையைத் தடவினாள். "நீ எனக்காகத்தான் சொல்லுவ. ஊதும்போது எனக்கும் சந்தேகமே இல்ல. ஆனா இத்தனை பேரு சொல்லும்போது, அந்த மூட்டத்துல நான் சரியாத்தான் பார்த்தேனான்னு இருக்கு. மூணாறுல ஒரு ரிசார்ட்ல சனி, ஞாயிறுக்கு ஆள் கேக்காக. அங்க போனா பீஸு கட்டிரலாம். இந்த விசில் எல்லாம் போதும்டி."

அனுப்பிரியாவுக்கு, லயத்தில் வீடு வீடாகப் போய்த் தான் பார்த்ததைச் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் தங்கை சொன்னால் யார் நம்புவார்கள்? அக்காவே நம்பவில்லையே.

உண்மை தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாள் ஹர்த்தால். பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அக்கா கல்லூரிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்தாள். அனுப்பிரியா ஓடைக்கரைக்குப் போனாள். நல்லமுத்து அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் அறுத்துப் போட்ட புல்லை அவள் அள்ளி ஒரு பக்கமாகக் குவித்தாள்.

"நீ அங்கதான உட்கார்ந்திருந்த?" என்று அவனே கேட்டான்.

"ஆமாண்ணே."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவ நம்பல."

நல்லமுத்து அரிவாளைக் கீழே வைத்தான். "வேணும்னு செய்யல, பாப்பா. எம்பினேன், கை தானா மேல போயிருச்சு. அப்புறம் எல்லாரும் என்னையத் தூக்கிக்கிட்டு, நீதாண்டா கோல் போட்டவன்னு கத்துனாக. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

"எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டாம்ணே. அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க. தனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு நினைச்சு, அவ ரெஃப்ரி வேலையையே விடப் போறா."

"விடப் போறாளா? ராமலட்சுமியா?"

அனுப்பிரியா தலையாட்டினாள். அவன் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புல்லை நான் கட்டிக்குறேன். நீ வீட்டுக்குப் போ" என்றான்.

சொல்வானா மாட்டானா என்று தெரியாமலேயே அவள் திரும்பி வந்தாள். மத்தியானம் சோறு இறங்கவில்லை. அக்கா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நல்லமுத்து நின்றான். அவனுக்குப் பின்னால் ராக்கப்பன். அவருக்கும் பின்னால் கிளப்பில் கேரம் ஆடிக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும்.

"ராமலட்சுமி, நீ சரியாத்தான் பார்த்த. என் கையிலதான் பட்டுச்சு. கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றான் நல்லமுத்து.

அக்கா எழுந்து வந்தாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

"எந்தக் கை?"

"இடது கை. மணிக்கட்டுக்கு மேல."

அக்கா மூச்சை மெல்ல வெளியே விட்டாள். "நானும் அப்படித்தான் பார்த்தேன்" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த அக்கா திரும்பி வந்துவிட்டதுபோல அனுப்பிரியாவுக்கு இருந்தது.

ராக்கப்பன் தொண்டையைக் கனைத்தார். "நேத்துச் சொன்னதை மறந்துரு தாயி. பைனலுக்கு நீதான் ஊதணும். சொந்த ஊருக்கே எதிரா ஊதுற ரெஃப்ரி கிடைச்சா விடாதீகன்னு மேல் டிவிஷன்காரனும் போன் பண்ணிட்டான்."

"வாரேன் மாமா. ஆனா இந்தத் தடவை எனக்குக் கொடி பிடிக்க ஒரு ஆளு வேணும். ஒத்தையா எல்லாப் பக்கமும் பார்க்க முடியல." அக்கா நல்லமுத்துவைப் பார்த்தாள். "நீ வாரியா?"

"நானா? என்னைய நம்பிக் கொடியக் கொடுப்பியா?"

"வீடு வரைக்கும் வந்து சொன்ன ஆளுக்குக் குடுக்காம?"

பைனல் நல்ல வெயிலில் நடந்தது. நல்லமுத்து கோட்டோரமாகக் கொடியோடு அப்படி ஓடினான். ஒருமுறை அவன் சட்டென்று கொடியை உயர்த்த, வேடிக்கை பார்க்க வந்த ஆடு ஒன்று மிரண்டு மைதானத்துக்குள் பாய்ந்தது. ஆட்டத்தை நிறுத்தி ஆட்டைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த செமஸ்டருக்கு அக்கா பீஸ் கட்டிவிட்டாள். அதற்கப்புறம் தொடுபுழாவிலிருந்தும் ஆட்டங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது அவள் மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறாள். அதை நினைத்தால் அனுப்பிரியாவுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், கொஞ்சம் அழுகையாகவும் இருக்கும்.

பைனல் முடிந்த மறுநாள் காலை அக்காவை வழியனுப்பப் போனது அனுப்பிரியாவுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பஸ் வரும்வரை இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மாவில் தோய்த்துப் பொரித்த நேந்திரம்பழப் பழம்பொரி ஒன்றைச் சூடாக வாங்கி, இரண்டாகப் பிட்டு ஒரு துண்டைத் தங்கையிடம் நீட்டினாள்.

அனுப்பிரியா இரண்டு துண்டுகளையும் உற்றுப் பார்த்தாள். "அக்கா, உன்னோடதுதான் பெரிசு."

அக்கா தன் துண்டைப் பார்த்தாள். தங்கையின் துண்டைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் மாற்றிக்கொண்டாள்.

"சரியாத்தான் பார்த்திருக்க" என்றாள்.