மூன்று அடிக்குப் பிறகு

மூன்றாவது அடியின் ஓசை அடங்கிய பிறகு, வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் காட்டுக்குள்ளிருந்து அதே ஓசை திரும்பவும் மூன்று தரம் கேட்டது. ஃபாஹிமா கையில் இரும்புக் கம்பியோடு அப்படியே நின்றாள். அந்தப் பக்கம் ஒரு ரயில் ஸ்டேஷன் இருந்தது உண்மைதான். அதை யானை இடித்து, பற்றை மூடி எத்தனையோ வருஷம்.

இதுவும் செத்த ஸ்டேஷன்தான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர்கள் முதலில் இதன் டிக்கட் அறையில்தான் ஒண்டினார்கள். வீடுகள் எழும்பியதும் அதைத் தொழும் இடமாக்கினார்கள். தண்டவாளம் கழற்றிய பள்ளத்தில் பாய் விரித்து நோன்பு திறப்பார்கள். கரண்ட் போய், தொழுகைக்கு அழைக்கும் வாங்குச் சத்தம் கேட்காத நாளில், மேடையில் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று தரம் அடிப்பது வழக்கம். நேற்று அடித்தது ஃபாஹிமா.

காலையில், முன்பு இங்கே கொடி காட்டிய பீற்றரிடம் அவள் சிரித்தபடிதான் சொன்னாள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவர் சிரிக்கவில்லை.

"எத்தின தரம் அடிச்ச, புள்ள?"

"மூணு."

"மாதாவே! மூணெண்டா பாதை சும்மா கிடக்கு, ரயிலை விடு எண்டுதானே. அங்கால இருந்து பதில் வந்தா, விட்டுட்டான்."

"தண்டவாளமே இல்லயே, ஐயா?"

"அது நமக்குத் தெரியும்."

பின்னேரம் கணவன் அஸ்ஜத்திடம் கெஞ்சினாள். "புள்ளயள பள்ளத்துல இருத்த வாணாங்க."

"நோம்போட பைத்தியக் கதை கதைக்காத."

அவர்களின் ஏழு வயது மகள் அமானி மற்றப் பிள்ளைகளோடு பாயில் இருந்தாள். நோன்பு திறக்கும் மஹ்ரிபுக்கு இன்னும் சில நிமிடம். பெரியவர்கள் கண்ணை மூடிக் கையேந்தி துஆவில் இருந்தார்கள். கடல்காற்றில் இவ்வளவு நேரமும் வந்துகொண்டிருந்த உப்பு வாடையும் ரோல்ஸ் பொரிக்கிற வாசமும் மெல்ல மெல்லப் பின்வாங்கி, அவற்றின் இடத்தில் கரிப்புகையும், சூடேறிய எண்ணெயும், நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டிக்குள் வேர்த்த ஆட்களின் நாற்றமும் ஏறி வந்தன. கோப்பைகளில் கஞ்சி நடுங்கியது.

ஃபாஹிமா பள்ளத்துக்குள் குதித்தாள்.

நடுக்கம் நின்றது. சீறிக்கொண்டு ஒரு பெருமூச்சு. மிகப் பக்கத்தில்.

யா அல்லாஹ். வந்துவிட்டது.

பிள்ளைகள் எழும்பினார்கள். எல்லாரும் ஒன்றாக. அவள் அமானியின் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி.

"உம்மா, உள்ளுக்கு இடம் இரிக்காம்."

அந்தக் குரல் மேலேயிருந்து வந்தது. ஃபாஹிமா நிமிர்ந்தாள். மகளின் வெறுங்கால்கள் தன் நெஞ்சுக்கு நேரே, காற்றில், ஊன்றி நின்றன. அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளும் அதே உயரத்தில், வரிசையாக.

பிறகு பிள்ளைகள் எல்லாரும் நின்ற நிலையிலேயே நகரத் தொடங்கினார்கள். ஃபாஹிமா பிடித்த கையை விடாமல் கூடவே நடந்தாள். பிறகு ஓடினாள்.