அரை மணி நேரம் வாசித்த கித்தார்

கர்க்கடக மாத மழை மூன்று நாளாகக் கொச்சி மட்டாஞ்சேரியை விடவில்லை. சுக்கு மண்டிக்கு மேலே இருந்த சீதாலக்ஷ்மியின் துப்பறியும் அலுவலகத்துக்கு அந்த மழையில் ஒரு பெண் படியேறி வந்தபோது முப்பிடாதிக்கு முதலில் சந்தோஷம்தான். ஒரு மாதமாகக் கேஸ் எதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

முப்பிடாதி ஆட்டோ ஓட்டுகிறவன், சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். எங்கே வம்பு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். போய் நின்ற பிறகுதான் நடுங்குவான். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் பொய்க் கணக்குகளைப் பிடித்து ஓய்வு பெற்ற சீதாலக்ஷ்மிக்கு அவன்தான் வண்டி, அவன்தான் உதவியாள். சம்பளம் கேட்டால் சாயா வாங்கித் தருவார்.

"எங்க வீட்டுக்காரங்களக் காணோம்க்கா. செவ்வாய்க்கிழமை போனாங்க, இன்னைக்கு வெள்ளி" என்றாள் வந்தவள். பெயர் சுல்ஃபத். வீடு சுள்ளிக்கல்லில். கணவன் யூசுப் கல்யாணங்களிலும் ஓட்டல்களிலும் பேஸ் கித்தார் வாசிக்கிறவன்.

"எங்க போறேன்னு சொன்னார்?"

"ஒரு பழைய பேஸ் விலைக்கு வருதுன்னு. இவங்களுக்கு அதே வேலைதான்க்கா. ஒண்ண விப்பாங்க, இன்னொண்ணு வாங்குவாங்க. கையில இருந்ததையும் தூக்கிட்டுப் போனாங்க, மாத்திக்கலாம்னு. அன்னைக்குச் சாயந்தரம் இது வந்துச்சு."

கைப்பேசியை நீட்டினாள். *பெங்களூருவில் வேலை கிடைச்சிருக்கு. பேஸை வித்துட்டேன். என்னைத் தேடாதே.* அதற்குப் பிறகு போன் எடுக்கவே இல்லை.

"நேத்து அல்தாஃப் வந்தாரு. இவங்க வாசிக்கிற குழுவுக்கு அவர்தான் தலைவர். ரமேஷ்பாபுன்னு ஒருத்தர் பழம்பொருள் கடையில இவங்க பேஸ் தொங்குதுன்னு சொன்னாரு. ஓடினேன். செவ்வாய்க்கிழமை காலையில யூசுப் வந்து, அரை மணி நேரம் வாசிச்சுக் காட்டி, வித்துட்டுப் போயிட்டார்னு அந்த ஆள் சொல்றார். அவங்க அடிச்ச அடியில அலமாரியில இருந்த வெளக்கெல்லாம் அதிர்ந்துச்சாம். போலீஸ்லயும் அதையே எழுதிக் கொடுத்திருக்கார்."

"போலீஸ் என்ன சொல்லுது?"

"பெரிய ஆள், இஷ்டப்பட்டுப் போயிருக்காருன்னு. அவங்க செத்துட்டாங்களா, என்னை விட்டுட்டுப் போயிட்டாங்களா, ரெண்டுல எதுக்குப் பயப்படுறதுன்னே தெரியலக்கா."

 முப்பிடாதியின் மனதில் அல்தாஃபைக் கைது செய்தாகிவிட்டது. போன மாதம்தான் அல்தாஃபும் யூசுப்பும் தோப்பும்படிப் பாலத்தில் கட்டிப்புரண்டு சண்டை போட்டதை அவனே கண்ணால் பார்த்திருந்தான்.

சீதாலக்ஷ்மி அவசரப்படவில்லை. "வீட்டை விட்டுக் கிளம்பினபோது ஏதாவது வித்தியாசமா இருந்ததா?"

சுல்ஃபத்துக்கு அழுகை வந்தது. "நான்தான் தப்புப் பண்ணேன். அது பேட்டரி போடுற கித்தார். மழைக்காலத்துல பேட்டரி கசிஞ்சு உள்ள கெட்டுப்போகும்னு வாசிச்சு முடிச்சதும் கழட்டிடுவாங்க. திங்கட்கிழமை வைப்பின்ல கல்யாணம். வரும்போதே விரல்ல கொப்பளம், என்னைக் கழட்டச் சொன்னாங்க. நான் கழட்டி மகளோட ரிமோட் காருக்குப் போட்டுட்டேன். பேட்டரி மாட்டுற வாய்ல எதுவும் படக்கூடாதுன்னு நூலால சுத்தி முடிச்சும் போட்டேன். காலையில திருப்பி வைக்கவும் மறந்துட்டேன், சொல்லவும் மறந்துட்டேன். போற எடத்துல தலைகுனிஞ்சிருப்பாங்க."

"வழியில வேற பேட்டரி வாங்கியிருப்பார்" என்று முப்பிடாதி ஆறுதல் சொன்னான்.

"இருக்கலாம்" என்றார் சீதாலக்ஷ்மி. "அது என்ன நூல்?"

"பச்சை. மக பாவாடைக்குத் தைச்ச நூல்."

ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருக்கும்போது நூலின் நிறம் எதற்கு என்று முப்பிடாதிக்கு எரிச்சலாக இருந்தது. சீதாலக்ஷ்மி இரண்டு போன் பேசினார். ஒன்று எஸ்.ஐ. ஸுப்ரியாவுக்கு. இன்னொன்று அல்தாஃபுக்கு.

பகல் மூன்று மணிக்கு ரமேஷ்பாபுவின் கடைக்குள் சுல்ஃபத், அல்தாஃப், ஸுப்ரியா உட்பட ஐந்து பேர் நுழைந்தார்கள். பழைய பீங்கான், கப்பல் மணி, குத்துவிளக்கு, கண்ணாடி போன பெட்டிகள் என்று கடையில் கால் வைக்க இடமில்லை. மர ஏணிப்படி ஒன்று மேல்மாடிக்குப் போயிற்று. மேலே கதவில் புதுப் பூட்டு. மழை ஓட்டின் மேல் கொட்டிய சத்தத்தில் பேசுவதே கத்துவதாகத்தான் இருந்தது.

ரமேஷ்பாபு பொருளை விற்கிற ஆளில்லை, கதையை விற்கிற ஆள். ஓட்டைப் பித்தளைச் செம்பையும் ஒரு திவான் தண்ணீர் குடித்த செம்பாக்கிவிடுவார். அவருடைய டிபன் கேரியர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஏணிப்படி அருகே ஆணியில் ஒரு பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் தொங்கின. பொரோட்டா வாசனை. பயத்திலும் முப்பிடாதிக்குப் பசித்தது.

"ஈ பேஸ்தான் சேச்சி" என்று அல்தாஃப் சீதாலக்ஷ்மியிடம் சுவரில் தொங்கியதைக் காட்டினான். குரல் பிசிறியது.

சீதாலக்ஷ்மி ரமேஷ்பாபுவிடம் திரும்பினார். "யூசுப் எதுல வாசிச்சுக் காட்டினார்?"

"தோ, இந்த ஆம்ப்ளிஃபயர்லதான் சேச்சி. வந்து நின்னார், ஒயரைச் சொருகினார், அரை மணி நேரம். இந்த வெளக்கெல்லாம் கிடுகிடுன்னு ஆடிச்சு. பணத்தை வாங்கினார், போயிட்டார்."

"அதுக்கப்புறம் யாராவது இதைத் தொட்டாங்களா?"

"யாரும் தொடல. இந்த ஆணியில மாட்டினதுதான்."

"அல்தாஃப், கொஞ்சம் வாசிங்க."

அல்தாஃப் ஒயரைச் சொருகி, கம்பியை விரலால் இழுத்தான். ஆம்ப்ளிஃபயர் மூச்சுக்கூட விடவில்லை. ஒயரை மாற்றினான். அப்போதும் இல்லை.

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றான். "இது பேட்டரி இல்லாம ஒரு சத்தமும் தராது."

ரமேஷ்பாபுவின் முகத்தில் ஒரு வினாடி ஏதோ ஓடியது.  "ஆமா ஆமா" என்று அவர் சிரித்தார். "போகும்போது அவரே பேட்டரியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாரே, சொல்ல மறந்துட்டேன்."

"முப்பிடாதி, பின்பக்க மூடியைக் கழட்டு."

இரண்டு சின்னத் திருகாணிதான்.  மூடி வந்ததும் முப்பிடாதி உள்ளே பார்த்தான். பேட்டரி இருக்க வேண்டிய குழி காலி. ஒயரின் நுனியில் பேட்டரி மாட்டும் வாய், பச்சை நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டபடி இருந்தது.

"என் முடிச்சு" என்றாள் சுல்ஃபத். "திங்கட்கிழமை போட்டது. அறுக்காம அவுக்க முடியாது."

"அறுக்கவில்லை, அவிழ்க்கவும் இல்லை" என்றார் சீதாலக்ஷ்மி ஸுப்ரியாவைப் பார்த்து. "திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தக் கித்தாருக்குள் ஒரு பேட்டரியும் போகவில்லை. அப்படியானால் செவ்வாய்க்கிழமை இது சத்தம் போட்டிருக்க முடியாது. வாசிக்கவே இல்லை, வித்துட்டுப் போயிட்டார்னு மட்டும் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் கதையில்லாமல் ஒரு பொருளைக் காட்ட இவருக்குப் பழக்கமில்லை. எது வந்தாலும் ஒரு கதை கட்டுவார். இதற்கும் கட்டினார். மற்ற பொருள்களின் கதையை யாரும் சோதிக்க முடியாது, அவ்வளவுதான்."

"அப்போ யூசுப் எவிடே?" என்று ஸுப்ரியா ரமேஷ்பாபுவின் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"எனக்குத் தெரியாது."

"அவர் உயிரோடு இருக்கிறார்" என்றார் சீதாலக்ஷ்மி.  "இவர் சாப்பிட்டு முடித்து டிபன் கேரியரைக் கழுவி வைத்துவிட்டார். அந்தப் பொட்டலம் இன்னொருத்தருக்கு. ஏணிப்படி பக்கத்தில் தொங்குகிறது. மேலே புதுப் பூட்டு."

ரமேஷ்பாபு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "நான் கொல்லுறவன் இல்ல சேச்சி" என்று முனகினார். அதன் பிறகு விஷயம் துண்டு துண்டாக வந்தது. யூசுப்புக்கு விலைக்குக் காட்டிய பழைய பேஸ், இரண்டு வருடத்துக்கு முன் வைட்டிலாவில் ஒரு குழுவின் வேனிலிருந்து திருடப்பட்டது. பேஸ் வாசிப்பவர்கள் ஒருவர் கருவியை இன்னொருவர் கீறலை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். யூசுப்பும் சொன்னான், போலீஸுக்குப் போகிறேன் என்றும் சொன்னான். மேல்மாடி முழுவதும் திருட்டுச் சரக்கு. சனிக்கிழமை காலை லாரி வருகிறது. அதுவரை அவனைக் கட்டி வைத்து, அவன் போனிலிருந்தே அந்தச் செய்தியை அனுப்பியிருக்கிறார்.

"லாரி போனதுக்கப்புறம் அவரை என்ன செய்யறதா இருந்தீங்க?" என்று கேட்டார் சீதாலக்ஷ்மி.

ரமேஷ்பாபு மேல்மாடிச் சாவியை எடுத்து நீட்டினார். 

சாவியை வாங்கிக்கொண்டு ஸுப்ரியா மேலே ஏறினார். பின்னாலேயே சுல்ஃபத். யாரும் கூப்பிடாமலே முப்பிடாதியும் ஏறினான், வழக்கம்போல மேலே போன பிறகுதான் நடுங்கினான். ஒரு தேக்கு அலமாரியின் காலோடு சேர்த்துக் கட்டிக் கிடந்தான் யூசுப். வாயில் ஒட்டுநாடா. கை வீங்கியிருந்தது. கண் திறந்திருந்தது.

முப்பிடாதி கயிற்றை அறுத்தான். ஸுப்ரியா நாடாவைப் பிரித்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல அவர் கீழே இறங்கியதும் யூசுப் மனைவியைப் பார்த்தான். குரல் வெளியே வரச் சிரமப்பட்டது.

"நேத்து நீ வந்தது கேட்டுச்சு" என்றான். "நான் வித்துட்டுப் போயிட்டேன்னு அவன் சொன்னதும் கேட்டுச்சு. காலால உதைச்சுப் பார்த்தேன், மழையில ஒண்ணும் கேக்கல. நீ அழுதுட்டே போன. சாகறதுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படல, சுல்ஃபத். நீ அதை நம்பிட்டியோன்னுதான் பயந்தேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். முப்பிடாதி அதைத்தான் எதிர்பார்த்தான். சுல்ஃபத் அவனுடைய வீங்கிய விரல்களை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்பினேன்" என்றாள். "நேத்து ராத்திரி முழுக்க நம்பினேன்."

 யூசுப் கையை அவள் மடியிலேயே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். முப்பிடாதி சத்தம் காட்டாமல் படியிறங்கினான்.