போதும் என்றால்தான் நிற்கும்

அவள் என்டர் தட்டவேயில்லை. ஆனாலும் திரையில் அடுத்த கேள்வி வந்து நின்றது: யாரைக் கூப்பிட?

வேலை போனபின் சும்மா உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கப்போகிறோம் என்று கணினிக்கு வரிவரியாகக் கட்டளை எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டிருந்தாள். இன்றைய பாடம், பெயரைக் கேட்டு வாங்கும் வரியும் அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் லூப்பும். பெயர் தட்டினால் "வா" என்று காட்டிவிட்டு மறுபடி கேட்கும். "போதும்" என்று தட்டினால்தான் நிற்கும். பக்கத்து அறையில் விளையாடும் மகளுக்கு வால் ஒன்றுதான் குறை, கீபோர்டைக் கண்டால் சும்மா விடமாட்டாள் என்று, ஓடும் ஸ்கிரிப்டைப் பாதியில் நிறுத்தும் கண்ட்ரோல் சி-யையும் வேலை செய்யாதபடி அடைத்துவைத்திருந்தாள். மத்தியானம் போனில் சொன்னபோது அண்ணன் சிரித்தான்.

"வாசலை அடைச்சிட்டு நீ எப்படி வெளிய வருவ?"

வெளியே விடாத மழை. காயாத துணிகளின் புழுங்கிய வாசனை வீடு முழுக்க மண்டிக்கிடக்க, மகள் மரக்கட்டைகளை அடுக்குவதும் அவை சரிவதும், அவள் தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பதும் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தன. சட்டென்று கட்டைச் சத்தம் நின்றது.

கீபோர்டில் விசைகள் தாமாக அமுங்கின.

வாலு.

மகளை வீட்டில் கூப்பிடும் பெயர் அது. கீழே பதில் வந்தது: வா, வாலு.

"வர்றேம்மா," என்றாள் மகள் அங்கிருந்து.

இவள் கூப்பிடவேயில்லை. சின்னக் காலடிகள் நடந்தன, ஆனால் கதவுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு சத்தம். தொம்.

யாரைக் கூப்பிட?

வாலு.

"வர்றேம்மா." தொம்.

"போதும்" என்று தட்டினாள். திரையில் விழுந்தது, வாலு. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். வாலு. கண்ட்ரோல் சி. கேட்கவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

திரை இருண்டது.

"வர்றேம்மா." தொம்.

ஓடினாள்.

மகள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். பின்னால் நகர்ந்தாள். நடந்தாள். நெற்றி மோதியது. மறுபடி பின்னால் நகர்ந்தாள். சுவரில் சிவப்பாக ஈரம். முகத்தில் சிரிப்பு.

வாரி அணைத்தாள். "போதும் கண்ணு, போதும்." பிடிக்குள்ளேயே கால்கள் நடந்தன.

சுவருக்குள்ளிருந்து அம்மாவின் குரலே கூப்பிட்டது.

"வா, வாலு."

அம்மாவையும் இழுத்துக்கொண்டு குழந்தை நடந்தது.