பரணில் இருந்த பொய்நிழல்

கஸ்பார் கடலுக்குக் கிளம்பிப் போனதும் அவர் மனைவி பிரகாசி செய்யும் முதல் வேலை, அடுக்களைப் பரணிலிருந்து பழைய கைத்திரையை எடுத்து உயிரூட்டுவது. உடனே மீனவர் சங்கக் கட்டடத்துச் சுவரில் கஸ்பாரின் படகு வடக்கே போகத் தொடங்கும். உண்மையான கஸ்பார் தெற்கே போய்க்கொண்டிருப்பார்.

புன்னைத்துறைக்கு நிழல்திரை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. படகோட்டியின் கைத்திரையில் தெரிவதெல்லாம் கம்பியில்லாமலே கரைக்கணினிக்கு வந்து, சங்கத்துச் சுவரில் அப்படியே விழும். படகு நிற்கும் இடம், கடலின் ஆழம், அடியில் திரியும் மீன்கூட்டம் எல்லாம் தெரியும். கடலுக்குப் போன ஆள் என்ன ஆனாரோ என்று கரையில் தவித்த பெண்களுக்கு அது பெரிய நிம்மதி. எல்லாப் படகுக்கும் கட்டாயம் என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது.

நல்ல எண்ணம்தான். ஆனால் தனக்கு மீன் அகப்படும் கடலடிப் பாறைத்திட்டை, ஊர்ப்பேச்சில் 'பார்' எனப்படுவதை, கூடப்பிறந்தவனுக்கே காட்டாத ஊர் அது. சுவரில் போட்டுக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவார்களா? எப்போதோ போய்வந்த பயணத்தைப் பழைய கைத்திரையில் பதிந்து, அதைக் கரைக்கணினியோடு இணைத்துவிட்டார்கள். படகுக்கு ஒரு திரை கிடைத்தால் போதும் என்று கணினியும் பேசாமல் இருந்துவிட்டது. தன் பார் எதுவென்று கஸ்பார் பிரகாசியிடம்கூடச் சொன்னதில்லை. ஏலம் போடும் இடத்தில் பெண்கள் வாய் சும்மா இருக்காதாம்!

அன்று மதியம் காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டது. படகுகள் அடித்துப்பிடித்துக் கரையேறின. கஸ்பார் மட்டும் வரவில்லை. பிரகாசி சங்கத்துக்கு ஓடியபோது, சுவரில் அவர் படகு வடகடலில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. பயப்படாதே, கஸ்பார் நன்றாகத்தானே இருக்கிறான் என்று தலைவர் சுவரைக் காட்டினார்.

பிரகாசி அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய கைத்திரையைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் அணைத்தாள். சுவரில் கஸ்பாரின் படகு மறைந்தது.

"இது பொய்நிழலு. அவுக எங்க இருக்காவன்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

ஒருவரும் அவளைத் திட்டவில்லை. எப்படித் திட்டுவார்கள்? தலைவர் வீடு உட்பட எல்லார் வீட்டுப் பரணிலும் அப்படியொன்று இருந்தது. தேடப் படகும் ஆளும் தயார். எங்கே போய்த் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போது சந்தியாகு முன்னால் வந்தார். அவர் கஸ்பாருக்கு நிலத்தில் பக்கத்து வீட்டுக்காரர், கடலில் போட்டிக்காரர்.

"கஸ்பாரு திரை எங்க வீட்டுக் கணினில தெரியும்," என்றார்.

கஸ்பார் தன் மகள் கோயிலில் புதுநன்மை வாங்கிய விழாவின் படங்களைச் சந்தியாகு வீட்டுப் பெரிய திரையில் காட்டுவதற்காகத் கடலுக்குக் கொண்டுபோகும் தன் கைத்திரையை ஒருமுறை இணைத்திருந்தார். 'எப்போதும் அனுமதி' என்பதை அழுத்திவிட்டு அதோடு மறந்தும் போனார். அன்றிலிருந்து அவர் வலை போட்ட இடத்தில் சந்தியாகுவும் சத்தமில்லாமல் வலை போட்டார். என் பாரில் மீன் குறைந்துபோச்சே என்று கஸ்பார் மாதாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தது இதனால்தான்.

அடுத்தவன் பாரைத் திருடியவனை ஊர் சும்மா விடாது, படகைப் பறித்துக்கொள்ளும். சந்தியாகு அது தெரிந்தே சொன்னார்.

"கரையேறுனதும் போய்ப் பாத்தேன். இப்பம் திரை அணைஞ்சு போச்சு. அணையும்போது கல்லாம்பாருக்குத் தெக்கே நின்னுச்சு. என்னையப் பெறவு விசாரிங்க. முதல்ல படக எடுங்க."

பொழுது சாயுமுன் கஸ்பாரைக் கொண்டுவந்துவிட்டார்கள். கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். பிரகாசி சந்தியாகுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க திருடாம இருந்திருந்தா எம்பிள்ளைக்கு இன்னைக்கு அப்பன் இல்ல, அண்ணே," என்றாள். திருட்டுக்கு இப்படி நன்றி வாங்கிய ஆள் அந்தக் கடற்கரையிலேயே அவர் ஒருவர்தான். சங்கம் அந்த விசாரணையை எடுக்கவே இல்லை. கஸ்பாரும் அந்த அனுமதியை அழிக்கவில்லை; தன் வீட்டுக் கணினியிலும் அந்தத் திரையை இணைத்துவைத்தார்.

சில நாள் கழித்து, புருஷன் அசந்து தூங்கும் நேரம் பார்த்து, சந்தியாகுவின் மனைவி தெக்லா வந்தாள். முந்தானைக்குள் அவருடைய கைத்திரை இருந்தது.

"மைனி, எங்க வீட்டுக்காரவுக கடல்ல எங்க நிக்காவன்னு பாக்க யாரும் இல்ல. இதை உங்க கணினில இணைச்சு விடுங்க. அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

பிரகாசி மறுபேச்சில்லாமல் இணைத்தாள். அப்படியாவது நன்றிக்கடன் தீரட்டும் என்று நினைத்தாள். அடுத்த முறை சந்தியாகு கடலுக்குப் போனபோது கஸ்பார் மெல்லத் திரைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவள் குறுக்கே நின்று மறைத்தாள்.

"ஆளு எங்க இருக்காவன்னு பாக்கத்தான் தந்திருக்கு. மீனு எங்க இருக்குன்னு பாக்க இல்ல."

கஸ்பார் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். ஆனால் பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்துவிட்டிருந்தார்.

மறுநாள் சங்கத்துச் சுவரில் கஸ்பாரின் படகு வடகோடியிலும் சந்தியாகுவின் படகு கிழக்குக்கோடியிலும் நின்றன. தலைவர் இரண்டையும் பார்த்துத் திருப்தியோடு குறித்துக்கொண்டார். பிரகாசியின் கணினியிலோ இரண்டும் ஒரே பாரின்மேல், கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தன. அவள் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.