குரூஷேயின் கண்ணாடி மூடி

பட்டறை டிராக்டர் பனிமூட்டத்துக்குள்ளிருந்து தடதடவென்று வந்து எங்கள் விமானத்தை நிறுத்தியிருந்த பைன் மரத்தடியில் நின்றபோது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மாப்பிள்ளையின் போர்விமானத்துக்கு விமானி தலைக்கு மேல் சாத்துகிற ஒரு கண்ணாடி மூடி கேட்டுப் பட்டறை மேஸ்திரியோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பழைய மூடி குண்டுச் சில்லு பட்டு விரிசல் விட்டிருந்தது. நாற்பத்துநான்கு டிசம்பரில் ஜெர்மன் விமானப்படையில் ஓர் உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வந்ததே என்று தார்ப்பாயை விலக்கினேன்.

சேற்று வாடை குப்பென்று அடித்தது.

சட்டத்தின் மூலைகளில் கறுப்பு மண் அப்பியிருந்தது. எங்கள் ஓடுதளத்தைச் சுற்றிக் கிடக்கும் சதுப்பு நிலத்து மண். அதைப் பார்த்ததும் காஸ்பர் பின்வாங்கினான். காஸ்பர் என்னைப் போலவே விமான மெக்கானிக், பவேரியாக்காரன், சாவு வீட்டிலும் நக்கலடிக்கிற ஆள். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

அது குரூஷேயின் விமானத்து மூடி.

லெப்டினன்ட் குரூஷே, காஸ்பர் பார்த்துக்கொண்ட விமானத்தை ஓட்டியவர். நவம்பரில் ஒரு மத்தியானம் இறங்கும்போது சக்கரம் தடம் விலகி, விமானம் சதுப்பில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. எங்கள் விமானத்தின் மூடி பெட்டி மூடி மாதிரி பக்கவாட்டில் திறக்கும். கவிழ்ந்துவிட்டால் திறக்காது. எல்லோரும் ஓடினோம். வாலைத் தூக்கத் தூக்கச் சேறு திரும்ப இழுத்தது. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முஷ்டியால் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விமானியை உட்காரவைத்து, வார் மாட்டி, மூடியைச் சாத்தியதும் மெக்கானிக் வெளியிலிருந்து கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவான். ‘எல்லாம் சரி, போகலாம்’ என்று அர்த்தம். விமானி உள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். அன்றைக்குத் தோள்வரை சேற்றில் கையை விட்டுக் கண்ணாடியைத் தொட்டுவிட்ட காஸ்பர், பழக்க தோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டான். உள்ளிருந்து இரண்டு தட்டு பதிலாக வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை.

இதை அவனே ஒரு நாள் குடித்துவிட்டு என்னிடம் சொன்னான். “மனுஷன் உள்ள சாகுறான், எவால்ட். நான் ‘எல்லாம் சரி, போகலாம்’னு தட்டியிருக்கேன்.”

நான் மேஸ்திரியிடம் போய் இந்த மூடியை மாட்டமாட்டேன் என்றேன். உனக்கென்று வானத்திலிருந்து புதிதாக ஒன்று இறங்கப்போகிறதா என்று அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். நானும் பதிலுக்கு ஏசினேன். காரியம் ஆகவில்லை. கடைசியில் மாப்பிள்ளையிடமே போனேன்.

மாப்பிள்ளை என்றால் லெப்டினன்ட் லோதார், என் தங்கை இர்ம்கார்டின் புருஷன். நாலு பேர் முன்னால் அவரை நான் ‘சார்’ என்பேன். தனியாக இருந்தால் அவர் என்னை ‘மச்சான்’ என்பார். இர்ம்கார்டுக்கு அப்போது நிறைமாதம். அவர் எங்கள் தளத்துக்கு மாற்றலாகி வந்த அன்று, வழியனுப்பக் கூடவே வந்திருந்த அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணே, மேல போற வரைக்கும் அவரு உன் கையிலதான் இருக்காரு. பத்திரமா என்கிட்ட திருப்பிக் கொடுத்துடு.” கொடுக்கிறேன் என்றேன். ஜெயிப்போமா தோற்போமா என்பதெல்லாம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

லோதார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். காஸ்பரின் சரக்கை நீயும் குடிக்க ஆரம்பித்துவிட்டாயா என்று கேலி பேசினார். பிறகு தோளில் கைபோட்டார்.

“பேய்க்குப் பயந்து நான் தரையில உக்காந்துட்டா, மேல இருக்கிற பசங்களுக்கு யாரு துணை மச்சான்? மாட்டு.”

மாட்டினேன். பெட்ரோல் ஊற்றித் துடைத்தேன். வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். வாடை போகவில்லை. துடைத்து முடித்த கண்ணாடியில், உட்பக்கமாக, பொட்டுப் பொட்டாக நீர் துளிர்த்தது.

மறுநாள் காலை எச்சரிக்கைச் சங்கு ஊதியது. லோதார் பட்டாணி சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறினார். நான் வார்களை இறுக்கி, மூடியைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டினேன்.

உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

லோதாரின் இரண்டு கைகளையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று விசைப்பிடியில் இருந்தது. மற்றொன்று தாடைக்குக் கீழே வாரைச் சரிசெய்துகொண்டிருந்தது.

அவருக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. வாரைச் சரிசெய்துவிட்டு, சாவகாசமாகக் கையை உயர்த்தி, அவர் பங்குக்கு இரண்டு தட்டுத் தட்டினார். எஞ்சின் உறுமியது. நிறுத்துங்கள் என்று கையை ஆட்டிக்கொண்டே இறக்கையோடு ஓடினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவி மனுஷன். அவரும் கையசைத்துவிட்டுப் போனார்.

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். லோதாரைக் காணோம். மேகத்துக்குள் நுழைந்தார், அப்புறம் பார்க்கவில்லை என்றார்கள். மூட்டம் தரையோடு இறங்கி, மரங்கள் மறைந்துபோயின. பெட்ரோல் தீர்ந்துபோகிற நேரமும் கடந்தது. என் தங்கையிடம் என்ன சொல்வேன் என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். காஸ்பர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

அப்போது எஞ்சின் சத்தம் கேட்டது.

அந்த மூட்டத்தில் யாராலும் இறங்க முடியாது. ஆனால் லோதாரின் விமானம் பூப்போல இறங்கி, உருண்டு வந்து, எங்கள் மரத்தடியில் நின்றது. எஞ்சின் அணைந்தது.

மூடி திறக்கவில்லை.

இறக்கை மேல் தாவி ஏறினேன். கண்ணாடிக்குள்ளே பழுப்புத் தண்ணீர். விளிம்புவரை நிறைந்து, மெல்ல அலம்பிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு முஷ்டி வந்து கண்ணாடியைக் குத்தியது.

மறுபடி குத்தியது.

என் பக்கத்தில் காஸ்பரின் கை தானாக எழுந்து கண்ணாடியை நோக்கிப் போனது. பாய்ந்து பிடித்தேன்.

“தட்டாதடா.”

வெளிப்பிடியைத் திருகினேன். அசையவில்லை. தீயணைப்புக் கோடாரியை எடுத்துவந்து, மூன்றாவது வெட்டில் கண்ணாடியை உடைத்தேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை. இருக்கை காய்ந்திருந்தது. வார்கள் காய்ந்திருந்தன. லோதார் மட்டும் நீலம் பாரித்துத் தொங்கினார். வாரை அறுத்து, இழுத்துப் பனியில் கிடத்தி, முதுகில் ஓங்கி அடித்தேன். வாயிலிருந்து கறுப்புச் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. பிறகு மூச்சு வந்தது.

வெட்கமில்லாமல் அழுதேன். மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் காஸ்பரைப் பார்த்தார்.

“இப்பத்தான் வர்றியா, காஸ்பர்?”

குரல் லோதாருடையதுதான். காஸ்பர் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

உயரத்தில் பிராணவாயு குறைந்து புத்தி கலங்கியிருக்கிறது, வீட்டுக்குப் போனால் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விடுப்பு வாங்கி, நானே லாரியில் அவரை ஊருக்கு அழைத்துப்போனேன். வழியில் என் பெயரை ஒரு தரம் மரியாதையாக விசாரித்தார். சொன்னேன். நல்லது என்றார்.

இர்ம்கார்ட் வயிற்றைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. அவர் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, வாடகை வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனார். முன்னறை ஜன்னலைத் திறந்தார். அடுத்த ஜன்னலைத் திறந்தார். சமையலறைக்குள் போய் அங்கேயும் திறந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அவர் பின்னால் போகவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே,” என்றாள் மெதுவாக. “அவர எங்க விட்டுட்டு வந்தே?”

உள்ளேயிருந்து என் மாப்பிள்ளையின் குரல், அவளை நோக்கித்தான், ரொம்பத் தன்மையாகக் கேட்டது:

“ஏங்கம்மா, இந்த வீட்டுல வேற ஜன்னல் இருக்குதுங்களா?”